பிடிவாரன்ட் பாக்கி இருக்கா? போலீஸ் வருவதற்குள் நீங்க கோர்ட்டுக்குப் போயிடுங்க!

"ஏனுங்க, அந்த செக் கேஸ் என்னாச்சுங்க?"

"அது நம்ம வக்கீல் பார்த்துக்கிறாருங்க."

மோகனூர், நாமக்கல் பக்கம் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. லாரி, கோழிப்பண்ணை, கரும்பு என்று கடனிலும் செக்கிலும் சுழலும் ஊர்கள். செக் கொடுக்காமல், ஃபைனான்ஸ் வாங்காமல் இங்கே தொழில் ஓடாது. அதனால், எந்த வம்புக்கும் போகாத குடும்பஸ்தர்களின் பெயரில்கூட கோர்ட்டில் ஒரு வழக்கு இருக்கும். அந்த வழக்கில் இரண்டு வாய்தா போகாமல் விட்டால், பெயருக்கு ஒரு பிடிவாரன்ட் கிளம்பிவிடும்.

வாரன்ட் என்றதும் நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்துபோய் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்குவது ஒன்று. "நாலு மாசம் போனா தானா ஆறிடும்" என்று விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டுமே தப்பு. பெரும்பாலான வழக்குகளில் வாரன்ட்டை ரத்து செய்வது ஒரு காலை நேர வேலைதான். அந்தக் காலை நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்களா, போலீஸ் தேர்ந்தெடுக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாரன்ட் காலாவதி ஆகாது

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கோர்ட் பிறப்பித்த பிடிவாரன்ட், அந்தக் கோர்ட் ரத்து செய்யும்வரை, அல்லது அது நிறைவேற்றப்படும்வரை உயிரோடு இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 70(2). 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்) பிரிவு 72(2). ஆறு மாதம், மூன்று வருடம் என்று எந்தக் கெடுவும் கிடையாது. "பத்து வருஷமாச்சு, இனிமே யாரு வரப்போறாங்க?" என்று இருந்தவரை, மகள் கல்யாண வாரத்தில் போலீஸ் தேடி வருவது இதனால்தான். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வெளியூரில் இருப்பவர் வீட்டுக்கு வருவார் என்பது போலீஸாருக்கும் தெரியும்.

சம்மன் யார் கையில் கொடுத்தாலும் கணக்குதான்

"எனக்கு சம்மனே வரலைங்க" என்பது அடிக்கடி கேட்கும் குரல். பழைய சட்டத்தில், சம்பந்தப்பட்டவர் வீட்டில் இல்லாவிட்டால், உடன் வசிக்கும் வயதுவந்த ஆண் உறுப்பினரிடம் சம்மனைக் கொடுக்கலாம் என்று இருந்தது. புதிய சட்டத்தின் பிரிவு 66-ல் 'ஆண்' என்ற வார்த்தை எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது மனைவி, அம்மா, வயதுவந்த மகள் என யார் கையெழுத்துப் போட்டு வாங்கினாலும் அது உங்களுக்குக் கொடுத்த மாதிரிதான். லாரியில் போனவர் 20 நாள் கழித்து வருவார். அதற்குள் அந்தத் தாள் டி.வி ஸ்டாண்டுக்கு அடியில் போயிருக்கும்.

செக் வழக்குகளில் தபால், கூரியர் மூலமும் சம்மன் வரும். வாங்க மறுத்து, "மறுக்கப்பட்டது" என்று எழுதித் திரும்பினால், சம்மன் சேர்ந்துவிட்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். அதனால் பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்புவது தப்பிக்கும் வழி ஆகாது. வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: கோர்ட் முத்திரையோடு எந்தத் தாள் வந்தாலும் அன்றைக்கே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும்.

எந்த வாரன்ட் என்று பாருங்கள்

எல்லா வாரன்ட்டும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் அதிகம் வருபவை நான்கு.

*ஜாமீனில் விடக்கூடிய வாரன்ட்:* எவ்வளவு தொகைக்கு, எத்தனை பேர் ஜாமீன் தர வேண்டும், என்றைக்கு ஆஜராக வேண்டும் என்று வாரன்ட்டிலேயே எழுதியிருக்கும். அதன்படி எழுதிக் கொடுத்தால் போலீஸாரே விட்டுவிடுவார்கள். அந்தத் தேதியில் தவறாமல் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

*ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரன்ட்:* வக்கீல்கள் 'என்.பி.டபிள்யூ' என்பார்கள். இதில் போலீஸ் ஜாமீன் கொடுக்க முடியாது. பிடித்து கோர்ட்டில்தான் நிறுத்த வேண்டும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. வழக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்தாலும், நீங்கள் ஆஜராகாமல் இருந்தால் இந்த வாரன்ட் வரலாம். செக் மோசடி வழக்கு (மாற்று முறை ஆவணச் சட்டம், பிரிவு 138) ஜாமீனில் விடக்கூடியதுதான். ஆனாலும், நம் பக்கத்து வாரன்ட்களில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

*ஜீவனாம்ச வாரன்ட்:* குடும்ப வழக்கில் மாதம் இவ்வளவு என்று உத்தரவாகி, கட்டாமல் விட்டால் வருவது. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் அதிகபட்சம் 1 மாதம்வரை சிறை வைக்கலாம். "உள்ளே இருந்துட்டு வந்தா பாக்கி கழிஞ்சிடும்" என்பது பொய். சிறைக்குப் போய் வந்தாலும் பணம் கொடுக்க வேண்டிய கடமை போகாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் வாரன்ட்டை நிறுத்த ஒரே நல்ல வழி, முடிந்த தொகையோடு கோர்ட்டுக்குப் போய் மீதிக்குத் தவணை கேட்பது.

*சிவில் வாரன்ட்:* புரோநோட்டு கடனுக்கு டிகிரி ஆகி, நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் அமீனா கொண்டுவருவது. இதில் போலீஸ் வழக்கு எதுவும் இல்லை. பொதுவாக முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அப்போதே போய்விட்டால் வாரன்ட்வரை போகாது. பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்து சிறையில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை. கையில் இல்லாதவரை வறுமைக்காக மட்டும் சிறையில் போட முடியாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வசதி இருந்தும் கொடுக்காமல் ஏய்ப்பவருக்குத்தான் சிறை; அதுவும் அதிகபட்சம் 3 மாதம்.

இது தவிர, சாட்சிகளுக்கும் வாரன்ட் வரலாம். விபத்தைப் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்துவிட்டு, சம்மன் வந்தும் போகாதவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

வாரன்ட் இருக்கிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டேஷனுக்குப் போய் விசாரிக்கத் தயக்கமாக இருந்தால், செல்போனிலேயே பார்க்கலாம். 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்ற அரசு ஆப்பிலும் அதன் இணையதளத்திலும் மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர் அல்லது வழக்கு எண்ணைப் போட்டால் வழக்கின் நிலை வரும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர் எண் உண்டு. அது கையில் இருந்தால் தேடுவது இன்னும் சுலபம். அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று பார்த்தால் வாரன்ட் விவரம் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடிப் பாருங்கள். இன்ஷியல் முன்னே பின்னே இருந்தாலே கிடைக்காமல் போகும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வக்கீலையோ அவருடைய குமாஸ்தாவையோ கோர்ட் அலுவலகத்தில் வழக்குக் கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் வாரன்ட் போனது, எந்த ஸ்டேஷனுக்குப் போனது என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

எந்த மாவட்டக் கோர்ட் என்பதும் முக்கியம். மோகனூரில் பாலம் ஏறி காவிரியைத் தாண்டினால் வாங்கல். அது கரூர் மாவட்டம். நாமக்கல் மாவட்ட வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனால் சென்னையில் நடக்கும். கரூர் மாவட்ட வழக்கு என்றால் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். அக்கரையில் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்கள் வக்கீல் வைக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

ரத்து செய்வது எப்படி?

வக்கீல்கள் இதை 'ரீகால்' என்கிறார்கள். வாரன்ட் பிறப்பித்த அதே கோர்ட்டில், வாரன்ட்டை திரும்பப் பெறும்படி மனு போடுவது. வேலை இந்த வரிசையில் நடக்கும்.

1. வழக்கில் ஏற்கெனவே இருந்த வக்கீலிடம் பேசுங்கள். அவர் மேல் வருத்தம் இருந்தால், அவரிடம் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு புது வக்கீல் வக்காலத்துப் போடலாம்.

2. வாய்தாவுக்கு ஏன் போகவில்லை என்பதற்கு ஆதாரம் சேருங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டில் இறப்பு என்றால் இறப்புச் சான்றிதழ், லாரியில் இருந்தால் டிரிப் ஷீட், டோல்கேட்டில் ஃபாஸ்டேக் பணம் பிடித்த விவரம். "உடம்பு சரியில்லை" என்று வெறுமனே எழுதுவதைவிட ஒரே ஒரு தாள் ஆதாரம் பெரிது.

3. ஜாமீன்தார் இரண்டு பேரை அன்றைக்குத் தயாராக வைத்திருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ இருக்கட்டும். வேறு என்ன தேவை என்று முதல் நாளே வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. வாரத்தின் ஆரம்பத்தில், காலையில் கோர்ட் உட்காரும் முன்பே போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். ஒரு தாள் குறைந்தாலும் சனி, ஞாயிறு குறுக்கே வந்துவிடும்.

5. மனு அழைக்கப்படும்போது நீங்கள் நேரில் நிற்க வேண்டும். நீதிபதி கேட்டால் சுருக்கமாக, மரியாதையாக உண்மையைச் சொல்லுங்கள்.

முதல்முறை தவறியவர்களுக்குப் பெரும்பாலும் அன்றே வாரன்ட் ரத்தாகும். அபராதமோ செலவுத் தொகையோ கட்டச் சொல்லலாம். புதிய ஜாமீன் கேட்கலாம். திரும்பத் திரும்ப ஆஜராகாமல் இருந்தவர், பெரிய குற்ற வழக்கில் தலைமறைவாக இருந்தவர் என்றால் ரிமாண்ட் செய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அந்த நிலையில் உள்ளவர்கள் நேரே போய் நிற்கும் முன், ஹைகோர்ட்டை அணுகுவதா என்று வக்கீலுடன் பேசிவிட்டுப் போவது நல்லது.

நேரில் போக முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2022 ஜூலை 11-ல் 'சதேந்தர் குமார் அன்டில்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழிமுறை கொடுத்தது. 7 வருடம்வரை தண்டனை உள்ள சாதாரண வழக்குகளில், விசாரணைக்கு ஒத்துழைத்தவர் என்றால், முதலில் சம்மன், பிறகு ஜாமீன் வாரன்ட், அதற்கும் வராவிட்டால்தான் என்.பி.டபிள்யூ. அந்த வாரன்ட் நிறைவேற்றப்படும் முன்பு, "அடுத்த வாய்தாவில் நேரில் வருகிறேன்" என்று உறுதிமொழியோடு வக்கீல் மூலம் மனு போட்டால், நேரில் வரச் சொல்லி வற்புறுத்தாமலே அதை ரத்து செய்யலாம், அல்லது சாதாரண வாரன்ட்டாக மாற்றலாம். 'போலீஸ் பிடிக்கும் முன்பு' என்பதுதான் இதில் முக்கியம். தீர்ப்பின் பெயரை வக்கீலிடம் சொல்லிக் கேளுங்கள்.

வெளிமாநிலத்தில் கேஸ்: லாரிக்காரர்களுக்கு

நாமக்கல் வண்டி போகாத மாநிலம் இல்லை. எங்கோ ஒரு விபத்து. டிரைவர் அங்கேயே ஜாமீனில் வருகிறார். வண்டியை மீட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார். வழக்கு அங்கே நடக்கிறது. பாஷை தெரியாது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆயிரம் கிலோமீட்டர் போக முடியாது. கடைசியில் வாரன்ட் நாமக்கல் எஸ்.பி ஆபீஸ் வழியாக உள்ளூர் ஸ்டேஷனுக்கு வருகிறது, அல்லது அந்த ஊர் போலீஸே வருகிறது.

இங்கே கைது செய்தால் உடனே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட முடியாது. வாரன்ட் பிறப்பித்த கோர்ட் 30 கிலோமீட்டருக்குள் இல்லாதபோது, பொதுவாக முதலில் இங்குள்ள மாஜிஸ்திரேட் முன்போ சட்டம் குறிப்பிடும் போலீஸ் அதிகாரி முன்போ நிறுத்த வேண்டும் (பி.என்.எஸ்.எஸ் பிரிவு 82, 83). குற்றம் ஜாமீனில் விடக்கூடியது என்றால், இங்கேயே ஜாமீன் கொடுத்துவிட்டு, குறித்த தேதியில் அந்தக் கோர்ட்டுக்குப் போகலாம். ஜாமீனில் விடமுடியாத குற்றத்திலும் இங்குள்ள தலைமைக் குற்றவியல் நடுவருக்கும் செஷன்ஸ் நீதிபதிக்கும் ஜாமீன் தரும் அதிகாரம் இருக்கிறது. அதனால் முதல் வேலை, உள்ளூர் வக்கீலுக்குப் போன் செய்வது.

அதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது, அந்த ஊரில் ஒரு வக்கீல் வைத்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்பது. பழைய சட்டத்தில் 205, 317 என்று சொல்லப்பட்ட மனுக்கள் இப்போது 228, 355. ஓனர்கள் இதை டிரைவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. வண்டி மீட்டதோடு வழக்கு முடிவதில்லை. வழக்கு டிரைவர் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

போலீஸ் வாசலுக்கே வந்துவிட்டால்

ஓடாதீர்கள், கதவைப் பூட்டிக்கொள்ளாதீர்கள், வாக்குவாதம் செய்யாதீர்கள். வாரன்ட்டைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் காட்டியாக வேண்டும். அதில் நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்க வேண்டும். வழக்கு எண்ணையும் கோர்ட் பெயரையும் வீட்டில் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். பெயர், அப்பா பெயர், விலாசம் மூன்றையும் சரிபாருங்கள். ஒரே பெயரில் ஊருக்குள் நாலு பேர் இருப்பார்கள்.

கைதான விவரத்தை உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். வக்கீலைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். அரிதான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகும் விடிவதற்கு முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்வதானால் பெண் போலீஸ் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுத்தான் செய்ய வேண்டும்.

தினமும் சாப்பிடும் மாத்திரை, டாக்டர் சீட்டு, ஆதார் நகல் ஆகியவற்றைக் கையோடு கொடுத்து அனுப்புங்கள். "கொஞ்சம் பணம் கொடுத்தா வாரன்ட்டைக் கிழிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஸ்டேஷனில் இருக்கும் தாள் காணாமல் போனாலும் கோர்ட் கட்டில் வாரன்ட் அப்படியேதான் இருக்கும்.

ரத்தான பிறகும் ஒரு வேலை பாக்கி

மும்பையில் 2002-ல் நடந்தது இது. ஒரு வழக்கறிஞர் மீது பிறப்பிக்கப்பட்ட பிடிவாரன்ட் கோர்ட்டில் ரத்தாகிவிட்டது. ஆனால், ஆகஸ்ட் 15 விடுமுறை நாளன்று போலீஸ் அவரை அதே வாரன்ட்டில் கைது செய்தது. பிறகு மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்தப்பட்டுத்தான் விடுதலையானார். அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2011-ல் நாடு முழுவதற்கும் வழிமுறைகள் வந்தன. வாரன்ட்டுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். ரத்தானால் அதன் நகலை போலீஸுக்கு அனுப்பி, வாரன்ட்டைத் திருப்பி வாங்க வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கும் அந்த உத்தரவின் நகல் தர வேண்டும்.

சட்டம் தெரிந்தவருக்கே இந்த நிலை. அதனால் 'ரத்து' என்று நீதிபதி சொன்னதும் பஸ் ஏறிவிடாதீர்கள். உத்தரவு நகலைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விட்டதா என்று வக்கீல் மூலம் விசாரியுங்கள். நகலின் போட்டோ உங்கள் போனிலும் மனைவி, மக்கள் போனிலும் இருக்கட்டும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

நீங்கள் ஒளிந்துகொண்டிருப்பதாகக் கோர்ட் கருதினால், குறைந்தது 30 நாள் கெடு கொடுத்து, தேடப்படும் நபராக அறிவிக்கும் (பிரிவு 84). அந்த அறிவிப்பை ஊரில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் சத்தமாகப் படிப்பார்கள், வீட்டில் ஒட்டுவார்கள். சொத்தை ஜப்தி செய்யலாம். அதற்கும் ஆஜராகாமல் இருப்பது தனிக் குற்றம். 3 வருடம்வரை, பெரிய குற்றங்களில் 7 வருடம்வரை சிறை உண்டு. ஜாமீனில் வந்தவர் காரணமில்லாமல் ஆஜராகாமல் இருந்தால் அதற்கு 1 வருடம்வரை. செக் வழக்கில் பணத்தைக் கட்டி சமாதானமாகப் போயிருக்கலாம்; இப்போது சமாதானம் ஆனாலும் இந்தப் புதிய வழக்கு தனியாக நிற்கலாம்.

இன்னொருவரும் இதில் மாட்டுகிறார். உங்களை நம்பி ஜாமீன் போட்ட மச்சானோ சித்தப்பாவோ, பாண்ட் தொகையைக் கட்ட வேண்டிவரும். பல குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றுபோவது இந்த இடத்தில்தான். வாரன்ட் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கவும் முடக்கவும் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

போனில் வரும் 'வாரன்ட்'

"உங்க பேர்ல வாரன்ட் இருக்கு, வீடியோ காலை கட் பண்ணாதீங்க, பணத்தை இந்த அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க" என்று யூனிஃபார்மில் ஒருவர் பேசினால், அது மோசடி. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. வாரன்ட்டை ரத்து செய்ய போலீஸோ சி.பி.ஐ-யோ போனில் பணம் வாங்குவதும் இல்லை. போனை வைத்துவிட்டு 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சந்தேகம் தீராவிட்டால், முன்பு சொன்ன இ-கோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா?

நாமக்கல் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. முதலில் 15100 என்ற எண்ணில் பேசிவிட்டுப் போகலாம். செக் வழக்கு போன்ற சமாதானமாகப் போகக்கூடிய வழக்குகளை லோக் அதாலத்தில் வைத்து, தவணையில் கட்டி முடிக்கவும் வழி உண்டு.

ஒரு வாரன்ட்டால் குடும்பம் தூக்கம் இழப்பது, அது எங்கே இருக்கிறது, என்றைக்கு வெளியே வரும் என்று தெரியாததால்தான். இன்றைக்கு ராத்திரி செல்போனில் வழக்கைத் தேடுங்கள். நாளைக்கு வக்கீலிடம் பேசுங்கள். திங்கட்கிழமை காலையில் மோகனூரில் நாமக்கல் பஸ் ஏறுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க, பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.